அம்மன் படத்துக்குக் கீழே ஒரு சாண் இடம்

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் குரல் தொண்டையை விட்டு வெளியே வராது. கடையில் இருந்த காலத்திலும் வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பேசியது குறைவு. கையில் இருக்கும் மதர்போர்டைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொல்வேன். அப்படிப்பட்டவள் உங்களுக்கு உட்கார்ந்து எழுதுவது கொஞ்சம் அதிகப்படிதான். மன்னித்துவிடுங்கள். நான் வேலையை விட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு, கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஆள் அனுப்பிக் கேட்டீர்கள், லாஞ்சு கம்ப்யூட்டர் வேலை நம் கடைக்கு எப்படி வந்தது என்று. நேரில் வந்தால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவேன். அது எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பெருமை அடித்துக்கொள்வது போலத் தோன்றினால் சந்தேகப்பட வேண்டாம்; பெருமைதான்.

போர்டை எப்படிப் பூட்டுவது, எந்த வயரை எங்கே செருகுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். எந்த போர்டை வாங்குவது என்று முடிவு செய்த கதையை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். கடை அப்போது ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரே ஒரு ஷட்டர் அகலத்தில் இருந்தது. முன்னால் முதலாளி உட்காருவார். பின்னால் ட்யூப் லைட்டுக்குக் கீழே நான். எங்களிடம் வந்தவை எல்லாம் இந்தப் பக்கத்து மெஷின்கள். ஐஸ் கம்பெனி ஆபீஸ், கன்டெய்னர் யார்டு கேட், லாரி புக்கிங். திறந்தால் உள்ளே விசிறி அசையாமல் நிற்கும். கடல் காற்றின் உப்பு, துறைமுகத்து நிலக்கரித் தூசி, ஐஸ் ஆபீஸ் மெஷின் என்றால் மீன் செதில்கூட. ஒரு தடவை விசிறியின் இறக்கை முழுக்கச் செதில் ஒட்டி, ஜிகினா வைத்து ஒட்டியது போல மின்னியது. முதலாளி எட்டிப் பார்த்து, "இத்த ரிப்பேர் பண்ணப் போறியா, கொயம்பு வெக்கப் போறியா?" என்று கேட்டார். இந்தப் பக்கத்தில் ஒரு மெஷின் செத்தால் அதில் முதலில் செத்தது விசிறியாகத்தான் இருக்கும். அதை நான் தினமும் துடைத்துத் துடைத்துத் தெரிந்துகொண்டேன்.

அது மீன்பிடித் தடைக்காலம். பக்கத்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகை லாஞ்சு என்பார்கள். தடைக்காலத்தில் லாஞ்சுகள் கடலுக்குப் போகாது. கரையில் ஏற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நாள் தேசிங்கு அண்ணன் கடைக்கு வந்தார். லாஞ்சு டிரைவர். ஐம்பதைத் தொடும் வயது. எங்கே வலையை இறக்குவது, எங்கே தூக்குவது என்பதெல்லாம் கடலில் டிரைவர் சொல்வதுதான்.

அவர் கேட்டது இதுதான். லாஞ்சை ஓட்டும் வீல் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். அதில் கடல் வரைபடம் ஓட வேண்டும். கையடக்க ஜி.பி.எஸ். கருவியை அதோடு இணைத்து, லாஞ்சு எங்கே இருக்கிறது, பார் எங்கே இருக்கிறது என்று திரையில் காட்ட வேண்டும். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத்திட்டு. அதன்மேல் வலையை இழுத்தால் வலை போச்சு. போன சீசனில் இரண்டு வலை கிழிந்ததாகச் சொன்னார். மூன்றாவது கிழிந்தால் அவர் கரையில் உட்கார வேண்டியதுதான் என்று ஓனர் சொல்லியிருந்தார்களாம்.

"இருக்கறதுலயே ஸ்பீடானது போடு நைனா" என்று முதலாளியிடம் சொன்னார். "காசிமேட்டுல எவன்கிட்டயும் இருக்கக் கூடாது. அப்பால, எயுத்து நல்லா பெருசா தெரியணும்."

முதலாளிக்குச் சந்தோஷம். அந்த வாரம்தான் ரிச்சி தெருவிலிருந்து சின்ன மதர்போர்டு ஒன்று வாங்கி வந்திருந்தார். பக்கத்துக்குப் பதினேழு சென்டிமீட்டர், சதுரம். அதுவரை நாங்கள் பார்த்த போர்டுகளுக்கு முன்னால் அது குழந்தை. நடுவில் பட்டன் அளவுக்கு ஒரு விசிறி. அந்த அளவு போர்டுகளில் அப்போது கிடைத்ததில் வேகமானது அதுதான். தேசிங்கு அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இன்னாப்பா இது, பிஸ்கோத்து மாதிரி கீது" என்றார். பிடித்துவிட்டது.

அவர் கொண்டுவந்த ஜி.பி.எஸ். கருவியில் எந்த மாதிரி வயர் போகும் என்று நான் பார்க்க வேண்டியிருந்தது. அதன் பின்பக்கம் எழுதியிருக்கும் மாடல் நம்பரைக் கேட்டேன். அவர் கருவியைக் கையில் எடுத்தார். கையை நீட்டினார். தலையைப் பின்னால் இழுத்தார். பிறகு என்னிடமே கொடுத்துவிட்டு, "நீயே பாரு தங்கச்சி, இங்க வெளிச்சம் பத்தல" என்றார்.

என் தலைக்கு மேலே ட்யூப் லைட் பளீரென்று எரிந்துகொண்டிருந்தது.

கருவியை வாங்கி அதன் திரையைப் பார்த்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை. அதில் எறும்பு ஊர்வது போல எண்கள். மூன்றுக்கும் எட்டுக்கும் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வலையும் எப்படிக் கிழிந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடி போட்டால் தீர்ந்துவிடும் விஷயம்தானே, இதற்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்றும் நினைத்தேன். கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை நான். "கம்ப்யூட்டர எங்கண்ணா வெக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டேன். வீல் ரூமில், அம்மன் படத்துக்குக் கீழே என்றார்.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன்.

முதலாளி சிரித்தார். போர்டு தயாராக இருக்கிறது, அளவு தெரியும், இடத்தைப் பார்த்து என்ன செய்யப் போகிறாய் என்றார். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஐஸ் கம்பெனி மெஷினை அந்த ஆபீஸில் போய்ப் பார்த்த பிறகுதான் செதில் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்தது. மேஜை விசிறியை மீன் கூடைக்கு நேராக வைத்திருந்தார்கள். அதைச் சொன்னேன். போய்ட்டு வா என்றுவிட்டார்.

காசிமேட்டில் லாஞ்சில் பெண்கள் ஏறக் கூடாது. அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நான் தயங்கி நின்றேன். தேசிங்கு அண்ணன், "தரையில நிக்கிற வரிக்கும் அது வெறும் கட்டை. தண்ணில எறங்கி பூஜை போட்டப்பாலதான் லாஞ்சு. ஏறு" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினேன்.

அங்கே நான் இருந்தது கொஞ்ச நேரம்தான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் போர்டு முடிவானது.

வீல் ரூம் ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடும் அளவு. அம்மன் படத்துக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு, அதற்கும் கீழே ஒரு பொந்து. டேப் கொண்டுபோக மறந்துவிட்டேன். கையை விரித்து அளந்தேன். ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழம், விரல்களைச் சேர்த்து வைத்தால் கை நுழையும் உயரம். பின்னால் காற்று போக ஓட்டை கிடையாது. மேலே விளக்கு, சாம்பிராணித் தூபக்கால். பொந்தின் கூரை முழுக்கக் கரி. இந்தக் காற்றைத்தான் அந்தப் பட்டன் விசிறி இழுத்து போர்டின் மேல் ஊதப் போகிறது.

அந்த நேரத்தில் ஏழுமலை வந்தான். லாஞ்சில் வேலை செய்யும் ஆள், வாய் ஓயாதவன். கையில் கடல் தண்ணீர் வாளி. நான் ஒதுங்கக்கூட இல்லை. வாளியைத் தூக்கி வீல் ரூமுக்குள் அடித்துவிட்டான். சுவர், சக்கரம், பொந்து, என் புடவை எல்லாம் ஒன்றாக நனைந்தது. எப்போதும் இப்படித்தான் கழுவுவீர்களா என்று கேட்டேன்.

"பின்ன? பவுடர் போட்டா தொடைப்பாங்க?" என்றான். "மீன் நாத்தம் போவணும்ல?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சு அப்படியே அடுத்த லாஞ்சு டிரைவரிடம் போனது. அவர் கண்ணாடி போட ஆரம்பித்திருந்தாராம். அதற்காக அந்த லாஞ்சு ஓனர் அவரை வேலையை விட்டு இறக்கிவிட்டாராம். "தண்ணி தெறிச்சா தொடைக்கிறாரு, தெறிச்சா தொடைக்கிறாரு. லாஞ்சு ஓட்றாரா, கண்ணாடி கடை வெச்சிகீறாரான்னே தெரில" என்று ஏழுமலை நடித்துக் காட்டினான். அதற்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் தேசிங்கு அண்ணன். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் பொந்தைப் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது எனக்கு ஒன்று தெளிவாக இருந்தது. அவருக்கு வேகம் தேவையில்லை. ஒரு வரைபடமும் சில எண்களும் ஓட வேண்டும், அவ்வளவுதான். அந்த எண்கள் ஆரஞ்சுப் பழம் அளவுக்குத் தெரிய வேண்டும். பெட்டி உப்பையும் சாம்பிராணியையும் வாளித் தண்ணீரையும் உள்ளே விடக் கூடாது. உள்ளே காற்றே போகக் கூடாது என்றால் விசிறியே இருக்கக் கூடாது.

அதே பதினேழு சென்டிமீட்டரில் விசிறி இல்லாத போர்டும் அப்போது வந்திருந்தது. நடுவில் விசிறிக்குப் பதில் வரி வரியாக ஒரு அலுமினியக் கட்டி. வேகம் மற்றதில் ஏறக்குறையப் பாதி. வேண்டுமென்றே குறைத்த வேகம். குறைவாக ஓடுவதால்தான் குறைவாகச் சுடும். ரிச்சி தெருவில் யாரும் அதை விரும்பி வாங்கவில்லை. அதைத்தான் போட வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன்.

அவருக்குக் கோபம். நியாயமான கோபம்தான். கேட்டு வந்தவர் வேகம் கேட்கிறார், கையில் வேகமான போர்டு இருக்கிறது, நீ மெதுவானதை வாங்கித் தரச் சொல்கிறாய், நாளைக்கு அந்த ஆள் வந்து நின்றால் யார் பதில் சொல்வது என்றார். நான் சொல்கிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் யாருக்காவது பதில் சொல்லி அவர் பார்த்ததில்லை.

"சரி. உன் பொறுப்பு" என்றார். "இது ஊத்திக்கிச்சுன்னா நீ திரும்ப கீபோர்டு தொடைக்கதான் போவணும்."

தேசிங்கு அண்ணனிடம் அதைச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவரும் முகம் சுளித்தார். பாதி ஸ்பீடா என்றார். நான் மானிட்டரில் எண்களைப் போட்டுக் காட்டினேன். திரையில் பாதி உயரத்துக்கு எண்கள், கறுப்பில் மஞ்சள். அவர் நின்ற இடத்திலிருந்தே, கையை நீட்டாமல், தலையை இழுக்காமல், ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்தார். பிறகு ஸ்பீடைப் பற்றிப் பேசவில்லை.

பெட்டியைக் கொருக்குப்பேட்டையில் லேத் வைத்திருந்த பாயிடம் கொடுத்துச் செய்தேன். கனமான அலுமினியம், மூடிக்கு மோட்டார் பம்ப்புக்குப் போடும் ரப்பர் வாஷர். போர்டின் அலுமினியக் கட்டி பெட்டியின் சுவரை ஒட்டி நிற்கும்படி இடையில் ஒரு துண்டு வைத்தோம். சூடு சுவர் வழியாகவே வெளியே போய்விடும். வயர்கள் அடியில் ரப்பர் வளையம் வழியாக. மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு மேல் பலகைத் தட்டில் வைத்தோம். பாய் அதை முடித்துத் தட்டிப் பார்த்து, "ஏம்மா, கம்ப்யூட்டர்னு சொன்னே, டிபன் பாக்ஸ் செஞ்சு வாங்கிட்டே" என்றார். பொந்தில் வைத்தபோது அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. என் கை அளவு தப்பவில்லை. ஒரு விஷயம்தான் பாக்கி. லாஞ்சு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்க முடியவில்லை.

தடைக்காலம் முடிந்து கடலுக்குக் கிளம்பும் நாள், விடிந்த பிறகு வார்ப்புக்கு, லாஞ்சுகளைக் கட்டி நிறுத்தும் மேடைக்குப் போனேன். லாஞ்சு தண்ணீரில் இருந்தது. அதனால் நான் இனி ஏற முடியாது. வார்ப்பின் ஓரத்தில் பாஞ்சாலி அக்கா நின்றிருந்தார்கள். அவர்கள்தான் ஓனர். மீன் ஏலம் போட்டுப் போட்டு வளர்ந்த குரல். அவர்களும் ஏற முடியாது.

என்னைப் பார்த்து, "நீதான் டப்பா செஞ்சவளா?" என்றார்கள். "என் லாஞ்சு. நானே ஏற முடியாது. உன் டப்பா ஏறி உக்காந்துகீது பாரு."

பூஜை நடந்தது. கற்பூரம், பூசணிக்காய், எலுமிச்சம்பழம். எல்லாவற்றுக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். எஞ்சினுக்கு, வலைக்கு, சக்கரத்துக்கு. புதிதாக வந்த பொருளுக்கு மரியாதை அதிகம். ஏழுமலை, "புதுசுக்கு நல்லா ஊத்துப்பா" என்று சொல்லிக்கொண்டே, குடத்தில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீர் முழுவதையும் பொந்துக்குள் சாய்த்துவிட்டான். பக்தியோடுதான் செய்தான். வார்ப்பிலிருந்து கதவு வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெட்டியிலிருந்து மஞ்சளாக வழிந்தது. திரை மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

பிறகு எஞ்சினைக் கிளப்பினார்கள். புகை வந்தது, வார்ப்பு அதிர்ந்தது, திரை அணைந்தது. மறுபடி தானாக எரிந்தது. ஆனால் வரைபடம் வரவில்லை. கறுப்புத் திரையில் சின்னதாக வெள்ளை எழுத்து, அப்படியே நின்றுவிட்டது.

"தண்ணி பூந்துட்சு" என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

பாஞ்சாலி அக்கா குரலை உயர்த்தினார்கள். "இன்னாய்யா தேசிங்கு, இன்னா எயுதிகீது அதுல? படிச்சு சொல்லு. இவ இங்கதான் கீறா."

தேசிங்கு அண்ணன் திரையைப் பார்த்தார். குனிந்தார். பின்னால் போக அந்த அறையில் இடம் இல்லை. "இங்கிலீசுக்கா" என்றார்.

"ஏ பி சி டி தெரியாதா உனக்கு? ஜி.பி.எஸ். பாத்து ஓட்றவன்தானே? ஒவ்வொரு எயுத்தா சொல்லேன்."

அவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார். முன்னால் கயிறு பிடித்து நின்ற ஆட்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அக்கா அந்த ஆட்களைப் பார்த்தார்கள். பிறகு, "பேஜாரு புடிச்ச டப்பா. கயட்டி இவ கையில குட்த்துட்டு கெளம்பு. போன வருசம் இது இல்லாமயா ஓட்ன?" என்றார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கழற்றிக் கொடுத்தால் அவர் பழைய தீப்பெட்டித் திரையோடு கடலுக்குப் போக வேண்டும். மூன்றாவது வலை அந்தப் பயணத்திலேயே கிழியும். எழுத்தைப் படிக்கச் சொல்லி நானும் கேட்டால் அவர் கண் விஷயம் காசிமேடு முழுக்க அங்கேயே தெரிந்துவிடும். ஏறிப் போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னால், வெளியில் நிற்கும் தண்ணீரை நானே உள்ளே விட்டதாகும்.

தண்ணீர் உள்ளே போயிருக்காது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. போயிருந்தால் குடத்தைச் சாய்த்தபோதே அணைந்திருக்கும். அணைந்தது எஞ்சினைக் கிளப்பியபோது. எஞ்சின் எழும்பும்போது பேட்டரியை ஒரே மூச்சில் உறிஞ்சும். பெட்டிக்குக் கரண்ட் குறைந்திருக்கும். அப்படி அரைகுறையாக அணைந்து எழுந்தால் அந்த போர்டு இரண்டில் ஒன்றைச் சொல்லும். டிஸ்க் கிடைக்கவில்லை என்றால் திரையில் மேலே ஒரே வரி. முன்பு சரியாக எழவில்லை, அப்படியே தொடரலாமா என்று கேட்பதாக இருந்தால் பக்கம் நிறைய எழுத்து, அடியில் தனியாக, தொடர எஃப்1 பட்டனை அமுக்கச் சொல்லி ஒரு வரி. இரண்டையும் பென்ச்சில் பல தடவை பார்த்திருக்கிறேன். அதற்குப் படிக்க வேண்டியதில்லை. எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அன்றுதான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டியிருந்தது.

"அண்ணே, படிக்க வேணாம். அது படிக்கிறதுக்கு இல்ல. எயுத்து மேல மட்டும் கீதா, அடியிலயும் கீதா?"

அவர் நிமிர்ந்தார். "அடியிலயும் கீது. ஒத்த வரி."

"பக்கம் ரொம்பிகீதா?"

"ரொம்பிகீது."

"கீபோர்டுல மேல் வரிசை. லெப்ட்ல மொதல் பட்டனை வுட்டுட்டு ரெண்டாவது பட்டன். ஒரே ஒரு தபா அமுக்கு."

அவர் விரலால் தடவி, எண்ணி, அமுக்கினார். எழுத்து போனது. கொஞ்ச நேரம் வெறும் கறுப்பு. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு மிகவும் நீளமாக இருந்தது. விசிறி இருந்தாலாவது சுற்றுகிற சத்தம் கேட்கும், உயிர் இருக்கிறது என்று தெரியும். இதில் அதுவும் இல்லை. பிறகு நீலமாகக் கடல் வந்தது. அதன்மேல் மஞ்சளாக, பெரிதாக எண்கள். வார்ப்பில் நின்ற எனக்கே தெரிந்தன.

தேசிங்கு அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். யாரும் கேட்கவில்லை. அவராகவே படித்தார்.

"இனிமே எஞ்சினை எயுப்பிட்டு அப்பால இத்த எயுப்புங்க" என்று கத்தினேன். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். ஏழுமலை குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, "மஞ்சத் தண்ணி ஊத்தாம எந்த சாமிதான் கண்ணு தொறக்கும்?" என்றான். லாஞ்சு கிளம்பியது.

பாஞ்சாலி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "இவ்ளோ கொரலு வெச்சிகினு ஏலத்துக்கு வராம எங்கடி ஒளிஞ்சிகினு இருந்தே?" என்றார்கள். நான் தரையைப் பார்த்தேன். வழக்கம்போல.

லாஞ்சு கடலில் இருந்த நாட்களில் முதலாளி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் தினமும் கடைக்கு வரும் வழியை மாற்றிக் காசிமேடு பக்கமாக நடந்து வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்த அன்று தேசிங்கு அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய வஞ்சிரம். ஏழுமலையும் கூட வந்திருந்தான். வலையில் ஒரு கண்கூட அறுந்து போகவில்லையாம். போன வருஷம் வலை கிழிந்த அதே பாரை ஒட்டியே இழுத்து வந்தாராம். எங்கே திருப்ப வேண்டும் என்று தெரிந்தால் பார் ஓரத்தில்தான் மீன் என்றார். அடுத்த சீசனுக்கும் அவர்தான் டிரைவர் என்று அக்கா ஏலக்கூடத்தில் எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார்களாம்.

பெட்டி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டேன். ஏழுமலை முந்திக்கொண்டு, அதன் மேல் பீடிக்கட்டை வைத்தால் நமுத்துப் போவதே இல்லை, இப்போது எல்லோரும் அங்கேதான் வைக்கிறோம் என்றான். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உள்ளே இருக்கும் சூடு நான் நினைத்த வழியில், நினைத்த அளவில், வெளியே வந்துகொண்டிருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்த்தாலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வந்திருக்காது.

முதலாளி, வேகமான போர்டு கடை அலமாரியிலேயே இருக்கிறது, வேண்டுமானால் மாற்றித் தரட்டுமா என்று விளையாட்டாகக் கேட்டார். தேசிங்கு அண்ணன், "அத்த நீயே வெச்சிகினு ஸ்பீடா கணக்கு பாரு நைனா" என்றார்.

கிளம்பும்போது ஏழுமலையை முன்னால் அனுப்பிவிட்டு என் மேஜைப் பக்கம் வந்தார். நான் கையில் இருந்த போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கு நீ என்னைப் படிக்கச் சொல்லல" என்றார்.

"ஆமாண்ணா."

அவ்வளவுதான் பேசினோம். அதற்குப் பிறகு பல வருஷம் அவர் அந்த லாஞ்சை ஓட்டினார். இதையெல்லாம் இப்போது எழுதுவதில் தப்பில்லை. கடல் வேலையை விட்டுத் தரைக்கு வந்த பிறகு அவரே கண்ணாடி போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, நீ எழுதினால் என் கண் கதையையும் சேர்த்தே எழுது என்று சொல்லிவிட்டார். அவர் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நீங்கள் இப்போது வாங்கும் போர்டுகள் அதைவிடச் சின்னவை, அதைவிடப் பல மடங்கு வேகமானவை. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அட்டையில் அச்சடித்திருப்பதை முதலில் படிக்காதீர்கள். அது போய் உட்காரப் போகும் பொந்தில் கையை விட்டுப் பாருங்கள். அங்கே யார் தண்ணீர் ஊற்றுவார், யார் விளக்கு ஏற்றுவார் என்று பாருங்கள். அதன் முன்னால் நிற்கப் போகிறவர் வாயால் கேட்காமல் விட்டது என்ன என்றும் பாருங்கள். எனக்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான். அதை நான் நன்றாகச் செய்தேன்.

தேசிங்கு அண்ணன் வஞ்சிரத்தோடு வந்துபோன மறுநாள் கடை திறந்ததும் இரண்டு லாஞ்சு டிரைவர்கள் தனித்தனியாக வந்தார்கள். அதே மாதிரிப் பெட்டி வேண்டும் என்றார்கள். ஸ்பீடு எவ்வளவு என்று இருவருமே கேட்கவில்லை. எழுத்து பெரிசா வருமா என்று கேட்டார்கள். வரும் என்றேன். விசிறி இல்லாத போர்டு இரண்டு வேண்டும் என்று முதலாளி ரிச்சி தெருவுக்கு போன் போட்டார்.